வாய் திறக்காத ஊழியர்களிடமிருந்து புத்தாக்கம் எப்படி வரும்?

திருகோணமலையில் மீன் வாங்கி, வெட்டித் துப்புரவாக்கி, பொதி செய்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிற ஒரு நிறுவனத்தில் முகாமையாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுபது பேர் வேலை செய்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கலந்த இடம். ஆலோசனைப் பெட்டி வைத்துப் பார்த்தீர்கள், வட்ஸ்அப் குழு தொடங்கினீர்கள், திங்கட்கிழமை பின்னேரம் கூட்டமும் வைக்கிறீர்கள். பெட்டியில் விழுந்தது மூன்று துண்டுக் கடதாசி, அதில் இரண்டு சம்பளத்தைப் பற்றியது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைகிறார்கள். "இந்த ஆட்களுக்கு மூளை போதாது, கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூப்பிடு, இல்லாவிட்டால் புது மெஷின் ஒன்று எடுப்பம்" என்கிறார் முதலாளி. எந்த முகாமைத்துவ முறையைக் கொண்டுவந்தால் புத்தாக்கம் வரும் என்பது உங்கள் கேள்வி.

நான் இந்த மாவட்டத்தில் உணவு பதனிடும் இடங்களில் தர மேற்பார்வையிலும், பிறகு பயிற்சி கொடுக்கிற வேலையிலும் நீண்ட காலம் இருந்தவன். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு முக்கியமாக ஒரு விஷயம்தான் இருக்கிறது. புது முறை தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் இடத்தில் கெட்ட செய்தியோடு வருகிற ஆளுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். அது சரியாகாத இடத்தில் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் சுவரில் ஒட்டுகிற காகிதமாகத்தான் நிற்கும்.

இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். மீனை இறக்கும் இடத்தில் வெப்பநிலைப் பதிவுப் புத்தகம் ஒன்று தொங்கும். அதை எடுத்துக் கடந்த மூன்று மாதப் பக்கங்களைத் தொடர்ச்சியாகப் புரட்டுங்கள். 2, 2, 3, 2, 2, 2 என்று ஒரே மாதிரி இறங்கிக்கொண்டு போகிறதா? ஒரு கிழமை முழுவதும் ஒரே பேனா, ஒரே சரிவு, ஒரே அழுத்தமா? அப்படியென்றால் வெப்பமானி மீனுக்குள் போகவில்லை, வேலை முடிந்த பிறகு யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். உண்மையான அளவுகள் அப்படி வராது. இரண்டு கிழமை கடலில் கிடந்து கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கரை சேர்ந்த படகின் அடித்தட்டு மீனுக்கும், இரவு போய் விடியற்காலையில் திரும்பிய சின்னப் படகின் மீனுக்கும் வித்தியாசம் இருக்கும். மத்தியான வெயிலில் நின்ற லொறி ஒரு அளவைக் காட்டும். கரண்ட் போன நாள் தனியாகத் தெரியும். இந்த ஏற்ற இறக்கம் எதுவுமே தெரியாத புத்தகத்தில் உண்மை இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். சூரை இன மீன்களின் சூடு 4 பாகைக்கு மேலே ஏறி நின்றால் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கத் தொடங்கும். ஒருமுறை உண்டானால் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு தொகுதியிலிருந்து ஒன்பது மாதிரி எடுக்கிறார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 100-க்கும் 200-க்கும் இடையில் இரண்டு மாதிரி வரை வரலாம், 200-க்கு மேலே ஒன்றுகூட வரக்கூடாது. அந்தப் புத்தகத்தில் எழுதிய ஒரு பொய் இலக்கத்தால் முழு ஏற்றுமதியும் திரும்பி வரலாம்.

அந்தப் பொய்யை எழுதிய பையன் கெட்டவனா? அநேகமாக இல்லை. என்றைக்கோ ஒருநாள் அவன் வெப்பமானியைச் சரியாகக் குத்தி, 7 என்று உள்ளபடி எழுதியிருப்பான். "ஏண்டா ஏழு எழுதினாய், ஓடிட் வந்தால் யார் பதில் சொல்வது" என்று யாரோ கத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அவன் 2 எழுதுகிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியை உங்கள் நிறுவனமே அவனுக்குப் பழக்கிவிட்டது. இந்த ஆளிடம் போய் "புதிதாக ஏதாவது யோசனை சொல்" என்று பெட்டியை நீட்டினால் என்ன விழும்?

புத்தகம் அப்படித்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் தயவுசெய்து அவனைக் கூப்பிட்டு ஏசாதீர்கள். ஏசினால் நாளைக்கு 2, 3, 1, 4 என்று மாற்றி மாற்றி எழுதப் பழகிவிடுவான், நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மாதத்துக்கு வெளிப்படையாக ஒரு விதி போடுங்கள்: என்ன இலக்கம் எழுதினாலும் எழுதியவரிடம் கேள்வி இல்லை, அந்த மீனை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. சூடு கூடிய மீனைப் பிரித்து வைக்கவேண்டும், வாங்க மறுக்கவேண்டுமென்றால் மறுக்கவேண்டும். அதில் தளர்வு கிடையாது. எழுதியவரைப் பாதுகாப்பதையும் மீனை மன்னிப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் 1990-களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்குப் பார்த்தால் நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் கூடுதலாக இருந்தன. தோண்டிப் பார்த்தபோது விளங்கியது, அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். 1999-இல் அவர் எழுதிய ஆய்வுக்குப் பிறகுதான் 'உளவியல் பாதுகாப்பு' என்ற சொல் முகாமைத்துவ வகுப்புகளில் பரவியது. எனவே உங்கள் பதிவுப் புத்தகத்தில் அடுத்த மாதம் 6-உம் 7-உம் தலைகாட்டினால் முதலாளி பதறுவார். அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மீன் திடீரென்று கெட்டுப்போகவில்லை, இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்தது தெரிய வந்திருக்கிறது.

நான் பார்த்த ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். ஒரு பொதி செய்யும் இடத்தில் முழுச் சீசனும் மீனின் தோலில் சின்னச் சின்னக் கீறல்கள். வாங்குபவர் தரம் குறைத்து விலை வெட்டிக்கொண்டே இருந்தார். அலுவலகத்தில் படகுக்காரரைக் குற்றம் சொன்னார்கள், லொறிக்காரரை மாற்றினார்கள். மேசையில் நின்று மீன் துடைக்கிற அக்காமாருக்குக் காரணம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஐஸ் அரைக்கும் மெஷினின் பல் தேய்ந்து, ஐஸ் தூளாக வராமல் கண்ணாடித் துண்டு மாதிரிக் கூராக வந்துகொண்டிருந்தது. ரெஜிபோம் பெட்டியில் மீனை அடுக்கி அதன்மேல் அந்த ஐஸைச் சவளால் கொட்டும்போது கூர்முனை தோலில் இழுக்கும். அவர்களுடைய கையுறையே அதில் கிழிந்துகொண்டிருந்தது. கிழிந்த கையுறைக்குப் புதிது கேட்டபோது "கையுறை தின்கிறீர்களா" என்று களஞ்சியத்தில் கேட்டிருக்கிறார்கள். அதோடு அவர்கள் கதைப்பதை விட்டுவிட்டார்கள். பல்லை மாற்ற ஆன செலவு ஒரு நாள் விலைவெட்டைவிடக் குறைவு.

இதில் புத்தாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கையுறை கிழிகிறது என்று வந்த முறைப்பாட்டில்தான் இருந்தது. நாங்கள் யோசனையைத் தேடுகிறோம், ஊழியர்கள் முறைப்பாடு சொல்கிறார்கள், அதனால் இரண்டும் சந்திப்பதில்லை. எழுபது பேரிடம் போய் "யோசனை சொல்லுங்கள்" என்றால் பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல் மிரளுவார்கள். "உங்கள் வேலையில் இன்றைக்கு எது இடைஞ்சல்?" என்று கேளுங்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்.

முதலாளி சொல்லும் "மூளை போதாது" என்ற கதைக்கு வருவோம். அவரோடு வாதாட வேண்டாம், 2022-ஐ ஞாபகப்படுத்துங்கள். அந்த மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. டீசலுக்கு வரிசை. ஏ, பி, சி என்று வலயம் பிரித்த மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து ஐஸ் எடுக்கிற நேரத்தை மாற்றியது யார்? குளிர் அறைக் கதவை ஒரு வெட்டுக்கு ஒருமுறைதான் திறப்பது என்று முடிவெடுத்து, வெளியே போகவேண்டிய சாமானையெல்லாம் அதற்குமுன் எடுத்து அடுக்கியது யார்? நான் போய்வந்த இடங்களிலெல்லாம் அதைச் செய்தது தளத்தில் நின்ற ஆட்கள்தான். அந்த வருடம் முதலாளிமாருக்கே பதில் தெரியாததால் "என்ன செய்வம்?" என்று மனதாரக் கேட்டார்கள். கேட்டதும் பதில் வந்தது. அதே ஆட்கள்தான் இப்போதும் உங்களிடம் இருக்கிறார்கள்.

உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் கலிபோர்னியாவில் பிரீமொண்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலை. வேலைக்கு வராமல் நிற்பது, சண்டை, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாகத் திறந்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்களே, தொழிற்சங்கமும் பழையதே. கொஞ்சப் பேரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். வேலை வரிசையின் மேலே ஒரு கயிறு கட்டினார்கள். பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார், தீராவிட்டால் வரிசை நிற்கும். கொஞ்சக் காலத்திலேயே அந்தத் தொழிற்சாலையின் தரம் ஜெனரல் மோட்டர்ஸின் சிறந்த இடங்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் மற்றத் தொழிற்சாலைகளில் கயிறை மட்டும் கட்டியபோது அது வேலை செய்யவில்லை. இழுத்தவனைத் திட்டினார்கள், அதனால் யாரும் இழுக்கவில்லை. உங்கள் ஆலோசனைப் பெட்டிக்கு நேர்ந்ததும் இதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பெட்டியில் விழுந்த மூன்று துண்டில் இரண்டு சம்பளம் பற்றியது என்று ஒருவித ஏமாற்றத்தோடு எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் அந்த இரண்டும்தான் உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஆட்கள் உங்களைச் சோதிக்கிறார்கள். எழுதினால் பதில் வருமா, எழுதியவரைத் தேடுவார்களா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் மூன்றாவது துண்டை மட்டும் கூட்டத்தில் வாசித்தால் கதை அதோடு முடிந்தது. சம்பளத்தைக் கூட்டமுடியாதென்றால் ஏன் முடியாது, எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள். அதற்குமுன் கணக்காளரோடு உட்கார்ந்து சேமலாப நிதியையும் பாருங்கள். ஊழியர் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12, அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3. எல்லோருக்கும், நாட்சம்பளக்காரர் உட்பட, ஒழுங்காகப் போகிறதா? சட்டப்படி சேரவேண்டியது சேராத இடத்தில் புத்தாக்கத்தைப் பற்றிக் கதைப்பது அவர்களுக்கு அவமானமாகத்தான் படும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றை முகாமைத்துவ வகுப்புகளில் போதிய அளவு சொல்வதில்லை. உங்கள் ஆட்களில் கணிசமானோரின் மாத வருமானம் ஓ.டி.யில்தான் நிற்கிறது. வேலையை ஒரு மணித்தியாலம் சீக்கிரம் முடிக்கும் வழி ஒருவருக்குத் தெரிந்தால், அதைச் சொன்ன மறுநாள் அவருடைய ஓ.டி.யும் பக்கத்து மேசைக்காரியின் ஓ.டி.யும் போய்விடும். பிறகு யார் சொல்வார்? இதை முதலாளியோடு தனியாகப் பேசி ஒரு வார்த்தை வாங்குங்கள்: ஊழியர் சொன்ன மாற்றத்தால் யாருடைய வேலையும் போகாது, நேரம் மிச்சமானால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வரும். எவ்வளவு என்பதை நீங்களிருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த வார்த்தையை முதலாளியே தளத்தில் நின்று சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் பெறுமதி குறைவு. 'சிறந்த யோசனைக்குப் பரிசு' என்று ஒருவருக்கு மட்டும் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. யோசனை நான்கு பேரின் வாயில் உருண்டு வருவது, பரிசு ஒருவருக்குப் போனால் மற்ற மூவரும் அடுத்தமுறை வாயை மூடுவார்கள்.

கூட்டத்தைப் பற்றி. பின்னேரம் வேலை முடிந்தபிறகு வைக்கிறீர்கள். உங்கள் மேசையில் நிற்கும் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது, வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பது ஒழியவில்லை. "ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கும்போது அவர்கள் தலையாட்டுவதன் அர்த்தம் சீக்கிரம் விடுங்கள் என்பதுதான். கூட்டத்தை வேலை நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். எழுபது பேரையும் ஒன்றாக நிறுத்த வேண்டாம். ஆறு ஏழு பேராக, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே நின்றபடி பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தொடாதீர்கள். ஐஸ் பகுதியில் சிங்களப் பையன்கள் இருந்தால் அங்கே சிங்களத்தில் நடக்கட்டும், உங்களுக்குச் சரளமாக வராவிட்டால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் நடக்கிற கூட்டத்தில் ஓரமாக நின்று சிரிக்கிற ஆள் சம்மதிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம்முடைய இடங்களில் வயதுக்கு மூத்தவரைச் சபையில் வைத்து மறுத்துப் பேசமாட்டார்கள். அது நல்ல பழக்கம், அதோடு மோதவேண்டிய அவசியமில்லை. கூட்டத்துக்கு முதல்நாள் தளத்தைச் சுற்றி நடந்து "அக்கா, அந்த மேசை உயரம் சரியா இருக்கா? நானா, இந்த லொறி ஏன் எப்பவும் பிந்துது?" என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். கேட்டதைக் கூட்டத்தில் நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள், யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம். கொஞ்ச நாளில் "அது நான்தான் சொன்னேன்" என்று அவர்களாகவே உரிமை கொண்டாடத் தொடங்குவார்கள்.

பெட்டியை எடுத்துவிட்டு, உடுப்பு மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். என்ன இடைஞ்சல், யார் பார்க்கிறார்கள், எந்தத் திகதிக்குள், என்ன ஆனது. நாலு கட்டம் போதும், தமிழிலும் சிங்களத்திலும். எழுதத் தயங்குகிறவர் வாயால் சொல்லட்டும், மேற்பார்வையாளர் எழுதட்டும். ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றுக்கும் பதில் வரவேண்டும். செய்தாயிற்று என்பதும் பதில், செய்யமுடியாது, காரணம் இது என்பதும் பதில். முடியாது என்ற பதிலை ஆட்கள் தாங்குவார்கள், பதிலே இல்லாததைத்தான் தாங்கமாட்டார்கள். பிறகு மேற்பார்வையாளர்கள் யாரையும் கேட்காமல் செலவழிக்க ஒரு சின்னத் தொகை கொடுங்கள், ஐயாயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். கையுறை, ஹோஸ் பைப், மேசைக் காலுக்கு ஒரு கட்டை, இதற்கெல்லாம் முதலாளியின் கையெழுத்துக்காக மூன்று நாள் காத்திருக்கும் இடத்தில் யாரும் இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள்.

உங்களுக்கு வயது குறைவு, மீனை இறக்கும் இடத்துப் பொறுப்பாளர் முதலாளியின் மைத்துனர், சொல்லைக் கேட்கிறாரில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியின் பாரமான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். மேரி பார்க்கர் ஃபொலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1868 முதல் 1933 வரை வாழ்ந்தவர், இதைப் பற்றி அழகாக யோசித்திருக்கிறார். உத்தரவு ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போகக்கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து நிலைமையைப் பார்த்து, நிலைமை கேட்பதைச் செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. "இன்னும் ஐஸ் போடச் சொல்லுங்கோ" என்று நீங்கள் சொன்னால் அது நேற்று வந்த பொடியனின் அதிகாரம். அவரையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மீனின் முதுகுச் சதையில் ஆழமாக வெப்பமானியைக் குத்தி, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது "அண்ணே, ஏழு காட்டுது, என்ன செய்வம்?" என்றால் பதில் அவர் வாயிலிருந்தே வரும். மீனளவுக்கு ஐஸும் வேண்டும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கடலிலும் கரையிலும் கழித்த வருடங்களில் அவர் சேர்த்த அறிவை மதித்து அவரை நடத்துங்கள், முதலாளியின் உறவு என்பதை வைத்து நடத்தாதீர்கள். அதற்குப் பிறகும் பதிவுப் புத்தகத்தில் பொய் எழுத வைத்தால் அது உங்களால் தீர்க்கக்கூடியதல்ல. முதலாளியிடம் தனியாக, ரூபாக் கணக்கோடு போகவேண்டும். அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

புது மெஷின் பற்றி இரண்டு வார்த்தை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி பதினொரு கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகத்தின் முகாமைத்துவப் பள்ளிகள் பலவும் பாடமாக வைத்திருக்கின்றன. அங்கே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது வேலையின் ஒழுங்கு. அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசை, ஒன்றில் முடியும்போது மற்றதில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து முறையாகப் பயிற்றி, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலையை எல்லாம் அவர்களிடம் கொடுத்தார்கள். கண்வில்லை தயாரிக்கும் தொழிற்சாலை 1992-இல்தான் வந்தது. உங்கள் மேசைகளிலும் மெஷினுக்கு முன்பு இப்படிப் பார்க்க இடம் இருக்கும். மீனுக்காகக் கை காத்திருக்கிறதா, கைக்காக மீன் காத்திருக்கிறதா என்று ஒரு காலை முழுவதும் நின்று பாருங்கள்.

வேலையிடத்தை ஒழுங்குபடுத்தி வைக்கிற ஐந்து எஸ் என்ற ஜப்பானிய முறை நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும், எந்தக் கந்தோருக்குப் போனாலும் பேனா வைக்கும் இடத்தில் 'பேனா' என்று ஒட்டியிருப்பார்கள். கொழும்பு காசல் வீதிப் பெண்கள் மருத்துவமனையில் 2000-இல் தொடங்கியபோது ஒவ்வொரு பிரிவிலும் அங்கே வேலை செய்கிற ஆட்களே சின்னக் குழுக்களாகச் சேர்ந்து தங்கள் இடத்தை மாற்றினார்கள். பிற்பாடு ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்து பார்க்குமளவுக்கு அது வளர்ந்தது. செய்யலாம், ஆனால் பலகை ஓடத் தொடங்கியபிறகு செய்யுங்கள்.

இவ்வளவும் தளத்திலிருந்து வரும் மாற்றம் பற்றியது. தளம் தீர்க்கமுடியாத விஷயங்களும் உண்டு, அதை ஊழியர் தலையில் கட்டக்கூடாது. இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை போட்டு 2016-இன் நடுப்பகுதியில்தான் நீக்கியது. காரணம் மீனின் தரம் இல்லை, சட்டவிரோத மீன்பிடியை நாடு ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்பது. ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்தித்தான் வெளியே வந்தோம். மேசையில் நின்ற எந்த அக்காவும் அதைத் தடுத்திருக்கமுடியாது. எந்தச் சந்தையை நம்புவது, சூரையை முழுதாக விற்பதா துண்டாக்கி விற்பதா, கடனெடுத்துக் குளிர் அறையைப் பெருப்பிப்பதா என்பதெல்லாம் முதலாளியும் நீங்களும் எடுக்கவேண்டிய முடிவுகள். கீழேயிருந்து நல்ல யோசனை வந்தும் மேலே துணிவில்லாமல் போன கதையும் உண்டு. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கமரா ஒன்றைச் செய்து காட்டினார். பிலிம் வியாபாரம் கெட்டுவிடும் என்று தயங்கித் தயங்கி அந்த நிறுவனம் 2012-இல் வங்குரோத்துக்குப் போனது.

கடைசியாக ஆலோசகர். குளிரூட்டல், கழிவுநீர், ஹஸப் என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் மாதிரித் தொழில்நுட்ப வேலைக்குக் கூப்பிடுங்கள், அதில் பணம் வீணாகாது. ஊழியரைக் கதைக்க வைப்பதற்கு வெளியாள் வேண்டாம், அவர் போனபிறகு இருக்கப்போவது நீங்கள்தான். நேர அளவுகள் எடுக்க உதவி தேவையென்றால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்குச் செயற்திட்டத்துக்கு உண்மையான இடம் தேவை. தேசிய உற்பத்தித்திறன் செயலகத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். முதலாளியிடம் மூன்று மாத அவகாசம் கேளுங்கள். அந்த மூன்று மாதமும் இலாபத்தைக் காட்டச் சொல்ல வேண்டாம் என்றும், பலகையில் எழுதப்பட்ட இடைஞ்சல்கள் எத்தனை, ஒரு கிழமைக்குள் பதில் போனது எத்தனை, திருப்பி அனுப்பப்பட்ட மீன் எத்தனை கிலோ, இந்த மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லியும் கேளுங்கள். முதல் மாதம் முதலாவது எண் ஏறும், மூன்றாவது இறங்காது. அப்போது அவர் கோபப்படுவார். அந்தக் கிழமை நீங்கள் தளத்தில் கூடுதலாக நில்லுங்கள், அவருடைய கோபம் மீனை இறக்கும் பையன்வரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.